கேரியர் போனா, அன்லாக் போனா? வாங்கும் முன்பும் ஆக்டிவேட் செய்யும்போதும் பார்க்க வேண்டியவை

ஒரே மாடல், ஒரே நிறம், ஒரே 256 ஜிபி. ஒன்றை சிம் சேவை தரும் கேரியரிடம் வாங்கியிருக்கிறார்கள், மற்றொன்றைத் தயாரித்த நிறுவனத்திடமே வாங்கியிருக்கிறார்கள். கையில் வைத்து எவ்வளவு திருப்பிப் பார்த்தாலும் வித்தியாசம் தெரியாது. வேறு நிறுவனத்தின் சிம்மைப் போட்டால்தான் தெரியும்: தயாரித்த நிறுவனத்திடம் வாங்கியது உடனே சிக்னல் பிடிக்கும், கேரியரிடம் வாங்கிய பூட்டுள்ள போன் ‘சிம் நாட் சப்போர்ட்டட்’ என்று காட்டிவிட்டு அப்படியே நிற்கும்.

வேறு சிம்மைத் தடுக்கும் இந்தப் பூட்டு கழற்றி எடுக்கக்கூடிய பாகம் எதிலும் இல்லை. ஐபோனில் அது ஆப்பிள் சர்வரில் அந்தப் போனின் ஐஎம்இஐ எண்ணுக்கு (ஒவ்வொரு போனுக்கும் உரிய தனி அடையாள எண்) நேராக உள்ள ஒரு பதிவு. ஆண்ட்ராய்டு போன்களில் மோடம் (நெட்வொர்க்குடன் இணைக்கும் பாகம்) சார்ந்த பாதுகாக்கப்பட்ட நினைவகத்தில் எழுதப்பட்டிருக்கும். இரண்டிலும் அதை நீக்கும் உரிமை விற்ற கேரியரிடம் மட்டுமே இருக்கிறது. அதனால் பெட்டியில் எழுதியிருப்பதையோ விற்பவர் சொல்வதையோ வைத்து முடிவு செய்யாதீர்கள். போனிலேயே சோதித்துப் பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.

எந்தப் பூட்டு, யாரிடம் சாவி

‘போன் லாக் ஆகியிருக்கிறது’ என்று பொதுவாகச் சொன்னாலும் உண்மையில் நான்கு வெவ்வேறு பூட்டுகள் உண்டு. ஒன்றைத் திறந்தால் மற்றவை திறக்காது. செகண்ட் ஹேண்ட் போன் வாங்கி ஏமாறுபவர்களில் பலர் இவற்றைக் குழப்பிக்கொண்டவர்கள்தான்.

முதலாவது சிம் லாக். குறிப்பிட்ட நெட்வொர்க்கின் சிம் மட்டும் வேலை செய்யும். கேரியர்தான் திறக்க முடியும். இசிம்முக்கும் (போனுக்குள்ளேயே ஏற்றப்படும் டிஜிட்டல் சிம்) இதே கட்டுப்பாடுதான். பயணத்துக்கு வாங்கிய இசிம்மை லாக் ஆன போனில் ஏற்றினால் அதுவும் மறுக்கப்படும். பிளாஸ்டிக் சிம்முக்கு மட்டும்தான் பூட்டு என்று எண்ணி விமான நிலையத்தில் தவிப்பவர்கள் ஏராளம்.

இரண்டாவது தவணைப் பூட்டு. இஎம்ஐயில் வாங்கிய போனில் சாம்சங் நாக்ஸ் கார்டு போன்ற ஒரு மென்பொருள் இருக்கும். தவணை தவறினால் திரையே மூடிக்கொள்ளும். ரீசெட் செய்தாலும் திரும்பி வரும். கடன் கொடுத்த நிறுவனம் பதிவை நீக்கினால்தான் போகும்.

மூன்றாவது கணக்குப் பூட்டு. ஐபோனில் ஆக்டிவேஷன் லாக், 2013இல் ஐஓஎஸ் 7 உடன் வந்தது. ஆண்ட்ராய்டில் எஃப்ஆர்பி, 5.1 பதிப்பிலிருந்து இருக்கிறது. பழைய உரிமையாளரின் ஆப்பிள் கணக்கோ கூகுள் கணக்கோ வெளியேறாமல் போனை அழித்தால், செட்டப் திரையில் அந்தப் பழைய கணக்கின் பாஸ்வேர்டைக் கேட்கும். கேரியர் இதில் எதுவும் செய்ய முடியாது.

நான்காவது அலுவலக நிர்வாகப் பூட்டு. நிறுவனம் மொத்தமாக வாங்கிய போன், போன்களைத் தொலைவிலிருந்து நிர்வகிக்கும் அதன் எம்டிஎம் அமைப்பில் பதிவாகியிருக்கும். புதிதாக செட்டப் செய்து வைஃபையில் இணைந்த அடுத்த நிமிடம் ‘இந்தப் போனை இன்ன நிறுவனம் நிர்வகிக்கிறது’ என்று திரை வரும். இந்தத் திரை இணையம் இல்லாமல் செட்டப் செய்யும்போது வராமலும் போகலாம். ஆகவே சோதிக்கும்போது கட்டாயம் வைஃபையில் இணையுங்கள்.

கேரியரிடம் வாங்கும்போது கணக்கு எப்படிப் போடுவது

கேரியர் விற்கும் போன் முன்பணமில்லாமல் கைக்கு வரும். பழைய போனைக் கொடுத்தால் புதியது கிட்டத்தட்ட இலவசம் என்றும் அறிவிப்பார்கள். பெரும்பாலும் இதன் அமைப்பு இப்படி இருக்கும்: போனின் முழு விலையை 24 அல்லது 36 தவணையாகப் பிரித்து பில்லில் சேர்ப்பார்கள். அதே பில்லில் அதற்குச் சமமான தொகையை மாதாமாதம் தள்ளுபடியாகக் கழிப்பார்கள். தள்ளுபடி ஒரே தடவையில் கிடைப்பதில்லை என்பதில்தான் சிக்கல்.

36 மாதத் திட்டத்தில் 14 மாதம் கழித்து வெளியேறினால் மீதி 22 தவணை. அன்றோடு தள்ளுபடி நின்றுவிடும், தவணை நிற்காது. போனின் விலையில் 61 சதவீதத்தை மொத்தமாகக் கட்ட வேண்டியிருக்கும். அன்லாக் செய்யவும் முழுப் பணம் கட்டியிருக்க வேண்டும் என்பது வழக்கமான நிபந்தனை. அதற்காக முன்கூட்டியே கட்டினால் மீதித் தள்ளுபடியை நிறுத்திவிடும் ஒப்பந்தங்களும் உண்டு. கையெழுத்துப் போடும் முன் இந்த ஒரு கேள்வியை எழுத்தில் கேளுங்கள்: ‘பாக்கியை இன்றே கட்டினால் மீதித் தள்ளுபடி தொடருமா?’

ஒப்பிட வேண்டியது போனின் விலையை மட்டும் அல்ல. தவணை முடியும் வரை மொத்தமாக எவ்வளவு வெளியே போகிறது என்று பாருங்கள். சலுகை பெற வேண்டுமானால் உயர்ந்த மாதத் திட்டத்தில் இருக்க வேண்டும் என்று நிபந்தனை இருந்தால், அந்தத் திட்டத்துக்கும் உங்களுக்குப் போதுமான சிறிய திட்டத்துக்கும் உள்ள வித்தியாசத்தை 36 ஆல் பெருக்குங்கள். வரும் தொகை, கிடைக்கும் தள்ளுபடியைத் தின்றுவிடுகிறதா என்பது அப்போது தெரிந்துவிடும்.

எப்போது கேரியர் போன் நல்லது? ஒரே நெட்வொர்க்கில் ஒப்பந்தம் முடியும் வரை இருக்கப்போகிறீர்கள், உயர்ந்த திட்டம் எப்படியும் தேவை, வெளிநாட்டில் உள்ளூர் சிம் போடும் வேலை இல்லை. இந்த மூன்றும் பொருந்தினால் தாராளமாக வாங்கலாம். ஒன்று பொருந்தாவிட்டாலும் அன்லாக் போனே மேல். வெளிநாட்டில் இருக்கும் குடும்பத்தாருக்குக் கொடுக்க வாங்குகிறீர்கள் என்றால் யோசிக்கவே வேண்டாம், அன்லாக்தான்.

நாட்டுக்கு நாடு விதி

சில நாடுகளில் இந்தக் குழப்பமே இல்லை. கனடாவில் 2017 டிசம்பர் 1 முதல் புதிய போன்களை அன்லாக் நிலையில்தான் கொடுக்க வேண்டும். பிரிட்டனில் 2021 டிசம்பரிலிருந்து லாக் செய்த போன் விற்கத் தடை. ஜப்பானிலும் 2021 அக்டோபர் முதல் சிம் லாக் கொள்கை அளவில் தடைசெய்யப்பட்டது. அதற்கு முந்தைய போன்கள் சந்தையில் இன்னும் சுற்றுகின்றன. ஆகவே நாட்டின் பெயரைப் பார்த்து நம்பாமல் தயாரித்த ஆண்டையும் பாருங்கள்.

அமெரிக்காவில் லாக் போன் இன்றும் வழக்கம். 2014இல் வந்த சட்டம், வாங்கியவர் தன் போனை வேறு நெட்வொர்க்குக்காக அன்லாக் செய்வதைச் சட்டபூர்வமாக்கியது. ஆனால் லாக் செய்து விற்பதைத் தடுக்கவில்லை. அங்கே ஒவ்வொரு கேரியருக்கும் ஒரு கணக்கு. ஏடிஅண்ட்டி 60 நாள் சேவையில் இருப்பதையும் முழுப் பணம் கட்டியிருப்பதையும் கேட்பது வழக்கம். டி-மொபைல் போஸ்ட்பெய்டுக்கு 40 நாள், ப்ரீபெய்டுக்கு 365 நாள் என்று வைத்திருந்தது. இவை அடிக்கடி மாறுகின்றன. வாங்கும் நாளில் அந்த நிறுவனத்தின் அன்லாக் கொள்கைப் பக்கத்தை பிடிஎஃப் ஆகச் சேமித்துவையுங்கள். பிறகு வாதாட வேண்டி வந்தால் அதுதான் கை கொடுக்கும். ப்ரீபெய்டு போன் மலிவாகக் கிடைப்பதற்கே இந்த நீண்ட லாக் காலம்தான் காரணம். அடுத்த மாதம் ஊருக்குக் கொண்டுபோகலாம் என்று அதை வாங்கினால் அது வெறும் வைஃபை கருவியாகத்தான் இருக்கும்.

அன்லாக் என்று சொல்லி விற்கும் போனில் என்ன பார்ப்பது

கடையில் சிம் இல்லாமல், எந்த கேரியர் பெயரும் இல்லாமல் விற்கப்படும் ஐபோன்களில் ஒரு வகை உண்டு. பெட்டியிலிருந்து எடுக்கும்போது எந்தப் பூட்டும் இருக்காது. முதல் தடவை எந்த கேரியரின் சிம்மைப் போட்டு ஆக்டிவேட் செய்கிறோமோ, அந்த கேரியருக்கே லாக் ஆகிவிடும். ஆப்பிளின் பதிவில் இதற்கு ‘ரீசெல்லர் ஃப்ளெக்ஸ் பாலிசி’ என்று பெயர். பெரிய கடைகளில் வாங்கும்போது ‘எந்த சிம் போட்டாலும், எப்போதும் அன்லாக்காகவே இருக்குமா’ என்று கேட்டு பில்லில் ‘ஃபேக்டரி அன்லாக்ட்’ என்று எழுதி வாங்குங்கள்.

இனி கையில் போன் இருக்கும்போது செய்ய வேண்டிய சோதனை. நிதானமாகச் செய்தாலும் பத்துப் பதினைந்து நிமிடம்தான்.

1. *#06# டயல் செய்யுங்கள். 15 இலக்க ஐஎம்இஐ வரும். இரண்டு சிம் போன் என்றால் இரண்டு ஐஎம்இஐ. இசிம் இருந்தால் அதன் அடையாள எண்ணான 32 இலக்க இஐடியும் தெரியும். பெட்டி, பில், செட்டிங்ஸ் மூன்றிலும் அதே எண் இருக்க வேண்டும். சில மாடல்களில் சிம் தட்டிலும் பொறித்திருப்பார்கள். எண்கள் மாறினால் போர்டோ உடலோ மாற்றப்பட்டிருக்கிறது.

2. ஐபோன் என்றால் செட்டிங்ஸ், ஜெனரல், அபௌட் என்று போய்க் கீழே ‘கேரியர் லாக்’ வரியைப் பாருங்கள். ‘நோ சிம் ரெஸ்ட்ரிக்ஷன்ஸ்’ என்று இருக்க வேண்டும். ஐஓஎஸ் 14 முதல் இந்த வரி இருக்கிறது. ஃப்ளெக்ஸ் போன் ஆக்டிவேட் ஆகும் வரை இந்த வரியை முழுதாக நம்ப வேண்டாம்.

3. ஆண்ட்ராய்டில் எல்லா பிராண்டுக்கும் பொதுவான இப்படியொரு வரி இல்லை. வேறு நெட்வொர்க்கின் உயிருள்ள சிம்மைப் போட்டு, பேசிப் பார்த்து, டேட்டாவும் ஓடுகிறதா என்று பாருங்கள். லாக் போன் ‘சிம் நெட்வொர்க் அன்லாக் பின்’ கேட்கும். ஒரு பொறி உண்டு: சிறிய கேரியர்கள் பல, பெரிய கேரியரின் டவரை வாடகைக்கு எடுத்து நடத்துபவை. அப்படிப்பட்ட சிம்மைப் போட்டுச் சோதித்தால் லாக் போனும் சில வேளை வேலை செய்யும். வேறு டவர் நிறுவனத்தின் சிம்தான் சோதனைக்கு ஆகும்.

4. சிம் தட்டை முழுதாக வெளியே இழுத்துப் பாருங்கள். சிம்முக்கு அடியில் காகிதம் போல் மெல்லிய, தங்க நிறத் தொடுபுள்ளிகள் கொண்ட ஒரு தகடு ஒட்டியிருந்தால் அது ஆர்-சிம் வகைச் சிப். லாக் ஆன ஐபோனுக்கு அது தவறான சிம் தகவலைக் கொடுத்து ஏமாற்றுகிறது. இன்று வேலை செய்யும். அடுத்த ஐஓஎஸ் அப்டேட்டிலோ ரீசெட்டிலோ நின்றுபோகும். தகட்டை எடுத்துவிட்டுச் சோதிக்க விற்பவர் மறுத்தால் போனைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

5. ஐஎம்இஐ கறுப்புப் பட்டியலில் (நெட்வொர்க்குகள் தடைசெய்த போன்களின் பட்டியல்) உள்ளதா என்று பாருங்கள். இந்தியாவில் கேஒய்எம் என்ற மூன்று ஆங்கில எழுத்தும் ஓர் இடைவெளியும் 15 இலக்க எண்ணும் எழுதி 14422க்கு எஸ்எம்எஸ் அனுப்பலாம். இந்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்திலும் பார்க்கலாம். இலங்கையில் ஐஎம்இஐ என ஆங்கிலத்தில் எழுதி, இடைவெளி விட்டு எண்ணைச் சேர்த்து 1909க்கு அனுப்பலாம்.

கறுப்புப் பட்டியல் சோதனையில் இன்று சுத்தமாக இருப்பது நாளைக்கு உத்தரவாதம் இல்லை. தவணையில் வாங்கிய போனை விற்றுவிட்டு பிறகு பணம் கட்டாமல் விடுபவர்கள் உண்டு. பாக்கி நின்றதும் கேரியர் அந்த ஐஎம்இஐயைப் பட்டியலில் சேர்க்கும். அப்போது போன் உங்கள் கையில். தவணை முழுதும் முடிந்ததற்கான ரசீது இல்லாமல் கேரியர் போனைச் செகண்ட் ஹேண்டில் வாங்காதீர்கள்.

அன்லாக் ஆனாலும் வேலை செய்யாமல் போவது ஏன்

பூட்டு இல்லாத போனும் உங்கள் நெட்வொர்க்கில் சரியாக ஓடாமல் போகலாம். இரண்டு காரணம்: அலைவரிசையும் (பேண்டு) வோல்டியும் (4ஜி வழியாகப் பேசும் வசதி).

ஒரே பெயரில் விற்கும் போன், நாட்டுக்கு நாடு வேறு மாடல் எண்ணில் வரும். சாம்சங் கேலக்ஸி எஸ்23 அல்ட்ராவை எடுத்துக்கொண்டால், எஸ்எம்-எஸ்918யு என்பது அமெரிக்க கேரியர் பதிப்பு, எஸ்918யு1 அமெரிக்க அன்லாக் பதிப்பு, எஸ்918பி இந்தியா உட்பட உலகின் பல பகுதிகளுக்கானது. ‘யு’ என்று முடிந்தாலே லாக் என்று பொருள் அல்ல. கேரியருக்காகத் தயாரித்தது என்றுதான் பொருள், பிறகு அன்லாக் ஆகியிருக்கலாம். கேரியர் பதிப்பில் அவர்களின் செயலிகள் முன்பே ஏற்றப்பட்டிருக்கும். அப்டேட்டும் கேரியர் சோதித்து அனுப்பிய பிறகே வரும்.

வாங்கும் முன் மாடல் எண்ணின் பேண்டு பட்டியலையும் உங்கள் நெட்வொர்க்கின் பேண்டு பட்டியலையும் அருகருகே வையுங்கள். ஜியோவின் 4ஜிக்கு 3, 5, 40, 5ஜிக்கு என்28, என்78 ஆகியவை முக்கியம். வீட்டுக்குள்ளும் ஊர்ப்புறத்திலும் சிக்னல் பிடிக்க உதவுவது 1000 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள பேண்டுகள். அவற்றில் ஒன்று விடுபட்டிருந்தால் வெளியில் நான்கு கோடும் அறைக்குள் ஒன்றுமில்லாத நிலையும் வரும். பேண்டு இருந்தும் மென்பொருள் திறக்காமல் இருப்பதும் உண்டு. இந்தியாவில் 5ஜி 2022 அக்டோபரில் தொடங்கியபோது ஐபோன்களுக்குள் தேவையான வன்பொருள் இருந்தது. டிசம்பரில் ஐஓஎஸ் 16.2 வந்த பிறகுதான் 5ஜி எல்லோருக்கும் ஓடியது.

வோல்டி இன்னும் முக்கியம். ஜியோவுக்கு 2ஜி, 3ஜி இல்லவே இல்லை, பேச்சு முழுவதும் 4ஜி வழியாகத்தான். அமெரிக்கக் கேரியர்கள் 2022இல் 3ஜியை மூடின. ஆஸ்திரேலியாவில் 2024 அக்டோபரில் மூடினார்கள், அவசர அழைப்பை வோல்டி வழியாகச் செய்ய முடியாத போன்களை நெட்வொர்க்கே மறுக்கிறது. ஆக, டேட்டா ஓடும், ஆனால் அழைத்தால் உடனே துண்டிக்கும் என்றால் போனில் அந்த கேரியருக்கான வோல்டி அமைப்பு இல்லை. கேரியரின் தளத்தில் ஐஎம்இஐ சோதனைப் பக்கம் இருந்தால் அதில் போட்டுப் பாருங்கள். அது முதல் எட்டு இலக்கத்தை வைத்தே மாடலை அறிந்துகொள்ளும்.

சிம் தட்டு இருக்கிறதா?

அமெரிக்காவில் விற்கும் ஐபோன் 14 முதலான மாடல்களில் சிம் தட்டே கிடையாது, இசிம் மட்டும். பிக்சல் 10 வரிசையிலும் மடிக்கும் மாடல் தவிர அமெரிக்கப் பதிப்பு அப்படித்தான். அங்கிருந்து போன் வாங்கிவரச் சொல்பவர்கள் தங்கள் கேரியர் இசிம் தருகிறதா என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். எதிர்ப்பக்கமும் உண்டு: சீனப் பெருநிலத்தில் விற்கும் பெரும்பாலான ஐபோன்களில் இரண்டு பிளாஸ்டிக் சிம் போடலாம், இசிம் வசதி இருக்காது.

ஆக்டிவேட் செய்யும் வரிசை

பழைய போனை அழிக்கும் முன் புதியதை முழுமையாக ஓடவையுங்கள். லாகின் குறியீடு தரும் அங்கீகாரச் செயலிகள், வங்கிச் செயலிகள், வாட்ஸப் பேக்கப் எல்லாம் மாறிய பிறகே பழையதைத் தொடலாம். இந்தியாவில் சிம்மையோ இசிம்மையோ மாற்றி எடுத்தால் பாதுகாப்புக்காக 24 மணி நேரம் எஸ்எம்எஸ் நிறுத்தி வைக்கப்படும், ஓடிபி வராது. பணம் அனுப்ப வேண்டிய நாளில் மாற்றாதீர்கள்.

பிளாஸ்டிக் சிம்மை ஒரு போனிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினால் பெரும்பாலும் வேறெதுவும் வேண்டாம். சில கேரியர்கள் புதிய ஐஎம்இஐயைக் கணக்கில் சேர்க்கச் சொல்லும். இசிம் என்றால் இணைய இணைப்பு தேவை, வைஃபையே நல்லது. கேரியர் தரும் கியூஆர் குறியீட்டைப் புதிய போனில் ஸ்கேன் செய்யுங்கள். பல குறியீடுகள் ஒருமுறை மட்டுமே செல்லும். பாதியில் வைஃபை அறுந்தாலோ, ஏற்றிய இசிம்மை அவசரத்தில் நீக்கினாலோ மறுபடி கேரியரிடம் போக வேண்டும். சரியாக வேலை செய்யவில்லை என்றால் முதலில் ஏர்பிளேன் மோடைப் போட்டு எடுங்கள், பிறகு ரீஸ்டார்ட் செய்யுங்கள். இசிம்மை நீக்குவது கடைசி வழி.

சிக்னல் இருந்தும் இணையம் இல்லையா? ஏபிஎன் (இணையத்தில் இணைய போனுக்குத் தேவையான அமைப்பு) தான். கேரியர் போனில் அது முன்பே எழுதியிருக்கும், வேறு நாட்டு அன்லாக் போனில் காலியாக இருக்கலாம். மொபைல் நெட்வொர்க் பகுதியில் ‘ஆக்சஸ் பாயிண்ட் நேம்ஸ்’ திறந்து, கேரியர் சொல்லும் பெயரை அப்படியே சேருங்கள். ஜியோவுக்கு ஜியோநெட், பிஎஸ்என்எல்லுக்கு பிஎஸ்என்எல்நெட், இரண்டையும் ஆங்கிலச் சிற்றெழுத்தில் இடைவெளியின்றி.

சாம்சங் பெட்டியில் ‘இந்தப் பகுதியின் சிம்மில் முதலில் இயக்க வேண்டும்’ என்று ஒட்டுவில்லை இருந்தால் அதைப் பொருட்படுத்துங்கள். வாங்கிய நாட்டின் சிம்மைப் போட்டு மொத்தம் ஐந்து நிமிடத்துக்கு மேல் பேசிவிட்டு எடுத்துச் செல்லுங்கள். அதைச் செய்யாமல் பெட்டியோடு வேறு நாட்டுக்குக் கொண்டுபோய்த் திறந்தால் அங்குள்ள சிம் மறுக்கப்படலாம்.

வெளிநாட்டுப் போனைப் பதிய வேண்டிய நாடுகளும் உண்டு. துருக்கியில் அப்படிப்பட்ட போன் உள்ளூர் சிம்முடன் 120 நாள் ஓடும், பிறகு வரி கட்டிப் பதியாவிட்டால் நின்றுவிடும். பாகிஸ்தான், இந்தோனேசியாவிலும் ஐஎம்இஐ பதிவு தேவை. இதற்கும் சிம் லாக்குக்கும் தொடர்பில்லை, கேரியரிடம் எவ்வளவு மன்றாடினாலும் பயனில்லை.

கேரியர் போனை அன்லாக் செய்வது

நிபந்தனை முடிந்ததும் கேரியரின் தளத்தில் ஐஎம்இஐ கொடுத்துக் கோரிக்கை வையுங்கள். ஐபோனுக்கு எண் எதுவும் தரமாட்டார்கள். ஒப்புதல் வந்த பிறகு வேறு கேரியர் சிம்மைப் போட்டு வைஃபையில் இணைத்தால் போதும். வேறு சிம் கையில் இல்லாவிட்டால் பேக்கப் எடுத்து, முழுதாக அழித்து, மீண்டும் ஏற்றுங்கள். செட்டப் நேரத்தில் ஆப்பிள் சர்வரிலிருந்து புதிய நிலை வந்துவிடும். ஆண்ட்ராய்டில் சிலவற்றுக்கு எண் வரும். சிலவற்றில் நெட்வொர்க் செட்டிங்ஸுக்குள் ‘நெட்வொர்க் அன்லாக்’ என்ற பொத்தான் இருக்கும், அதில் தற்காலிகம், நிரந்தரம் என இரண்டு வரும்போது நிரந்தரத்தைத் தேர்ந்தெடுங்கள். எண்ணைத் தவறாக அடிக்கச் சில வாய்ப்புகளே உண்டு. அவை தீர்ந்தால் சரியான எண்ணையும் ஏற்காது. ஊகித்து அடிப்பதும், இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் எண்ணை முயல்வதும் வேண்டாம்.

கோரிக்கை மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கும்: நாள் கணக்கு முடியவில்லை, கணக்கில் சிறு பாக்கி இருக்கிறது, அல்லது போன் வேறொருவர் கணக்கில் பதிவாகியிருக்கிறது. முதல் இரண்டையும் நீங்களே சரிசெய்யலாம். மூன்றாவதற்கு அந்த ஆளே கேட்க வேண்டும். அதனால்தான் செகண்ட் ஹேண்ட் லாக் போனை ‘பிறகு அன்லாக் செய்துகொள்ளலாம்’ என்ற வாக்கை நம்பி வாங்கக்கூடாது. விற்பவரே தன் கணக்கிலிருந்து கோரி, ‘நோ சிம் ரெஸ்ட்ரிக்ஷன்ஸ்’ வரியையோ வேறு சிம்மில் ஓடுவதையோ காட்டிய பிறகு பணம் கொடுங்கள். புதிய போன் என்றால், கடையின் திருப்பித் தரும் காலம் முடிவதற்குள் மேலே சொன்ன சோதனைகள் அத்தனையும் முடிந்திருக்க வேண்டும்.